கோல்ஃப் ஷூவும் கொல்லைப்புற மினி கோல்ஃபும்: எதில் செலவழிப்பது, எதில் மிச்சம் பிடிப்பது

கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு என்று ஒதுங்கிப் போகிறவர்கள் நிறைய. கிளப்புகளின் உறுப்பினர் கட்டணத்தைப் பார்த்தால் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. ஆனால் ஆட்டத்தில் சரிபாதி, பந்தைக் குழியை நோக்கி உருட்டி விடுகிற வேலைதான். 18 குழிகளை, மட்டையால் பந்தை 72 தடவை அடித்து முடிக்க வேண்டும் என்பது பெரும்பாலான பெரிய மைதானங்களின் கணக்கு. அதில் குழிக்கு இரண்டு வீதம் 36 அடிகள், கிரீன் எனப்படும் ஒட்ட வெட்டிய புல்தரையில் உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. இந்தப் பாதியைக் கொல்லைப்புறத்தில் பழகலாம். குடும்பத்தோடு ஆடினால் அதுவே மினி கோல்ஃப். மீதிப் பாதிக்கு மைதானத்துக்குப் போகத்தான் வேண்டும். அங்கே போகிற நாளில்தான் ஷூ பற்றிய கேள்வி வருகிறது.

இரண்டுக்கும் சேர்த்து என் ஆலோசனை ஒன்றுதான். தரையோடு ஒட்டுகிற பகுதிக்குப் பணம் போடுங்கள், கண்ணுக்குத் தெரிகிற பகுதியில் மிச்சம் பிடியுங்கள். ஷூவில் அது அடிப்பாகமும் அளவும். மினி கோல்ஃபில் அது புல்லுக்குக் கீழே இருக்கும் தளம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பிராண்டு பார்த்து ஷூ வாங்குவார்கள், மேடு பள்ளமான மண்ணின் மேல் விலை உயர்ந்த புல்லை விரிப்பார்கள்.

ஷூ இப்போதே வேண்டுமா?

பயிற்சித் திடலில் பாய் மேல் நின்று பந்தடிக்கும் முதல் சில மாதங்களுக்குத் தனி ஷூ வேண்டாம். வீட்டில் இருக்கும் தட்டையான விளையாட்டு ஷூ போதும். டென்னிஸ் ஷூ இருந்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டு அசைவைத் தாங்கத்தான் அதைச் செய்கிறார்கள். ஓடுவதற்கான ஷூவை மட்டும் தவிர்த்து விடுங்கள். அதன் குதிகால் உயரமாகவும் மெத்தென்றும் இருக்கும். முன்னோக்கி ஓடுவதற்கு அது சரி. கோல்ஃபில் உடம்பு திரும்புகிறது. வலக்கைக்காரர் பந்தை அடித்து முடிக்கும்போது மொத்த எடையும் இடது பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகும். மெத்தைக் குதிகால் அந்த நேரத்தில் அமுங்கிச் சாயும். அடி ஏன் கோணலாகப் போகிறது என்று கையைச் சந்தேகப்பட்டுக் கொண்டிருப்பீர்கள். கோளாறு காலில் இருக்கும்.

மைதானத்துக்குப் போக நாள் குறித்து விட்டால், முதலில் அந்தக் கிளப்பின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு என்ன ஷூ அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோல்ஃப் ஷூ கட்டாயம் என்கிற இடமும் உண்டு, தட்டையான எந்த ஷூவும் சரி என்கிற இடமும் உண்டு. காலர் வைத்த சட்டை பற்றியும் அதே போனில் கேட்டு விடலாம்.

ஸ்பைக்கா, ஸ்பைக் இல்லாததா?

பழைய கோல்ஃப் ஷூக்களின் அடியில் உலோக ஆணிகள் இருக்கும். அவை கிரீனைக் கிழித்துப் பாழாக்கியதால் 1990களில் கிளப்புகள் ஒவ்வொன்றாக அவற்றுக்குத் தடை போட்டன. அவற்றின் இடத்தில் வந்தவைதான் இன்றைய பிளாஸ்டிக் ஸ்பைக்குகள். திருகிக் கழற்றி மாற்றலாம். அடுத்து வந்தது ஸ்பைக்கே இல்லாத ரகம்: சோலிலேயே சின்னச் சின்ன ரப்பர் மொட்டுகள் வார்க்கப்பட்டிருக்கும். அமெரிக்காவில் நடக்கும் பெரிய கோல்ஃப் போட்டியான மாஸ்டர்ஸில், 2010இல் அமெரிக்க வீரர் பிரெட் கப்பிள்ஸ் அப்படி ஒரு ஷூவைப் போட்டுக்கொண்டு ஆடியது உலகத்தின் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு எல்லாக் கம்பெனிகளும் அந்த ரகத்தில் இறங்கி விட்டன.

புதியவருக்கு ஸ்பைக் இல்லாததே போதும் என்பது என் கட்சி. விலை பொதுவாகக் குறைவு. காரிலிருந்து இறங்கியபடியே நடந்து போகலாம், கடைக்கும் அதோடே போய் வரலாம். கொல்லைப்புறத்தில் நீங்கள் போடப் போகும் செயற்கைப் புல்லையும் அது கெடுக்காது. ஸ்பைக் ஷூ அந்தப் புல்லின் இழைகளை நோண்டி எடுத்து விடும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற மலை மைதானங்களில் அடிக்கடி ஆடுவீர்கள் என்றால் ஸ்பைக் வைத்ததே வாங்குங்கள். சரிவில், பனியில் நனைந்த புல்லின் மேல், ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று மட்டையைச் சுழற்றும்போது மொட்டுகள் வழுக்கும். சென்னை நந்தனத்தில் காஸ்மோபாலிடன் கிளப்பின் மைதானம் போன்ற சமதரைகளில் அந்தத் தொல்லை குறைவு. ஸ்பைக் ஷூ வாங்கினால் அதன் திருகு எந்த வகை என்று பெட்டியில் பார்த்துக் குறித்து வையுங்கள். எல்லா ஸ்பைக்கும் எல்லா ஷூவிலும் ஏறாது. தேய்ந்ததை மாற்றப் போகும்போது பழையது ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது நல்லது.

கடையில் செய்ய வேண்டியது

மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். 18 குழிகளை நடந்து ஆடி முடிக்கும்போதும் பாதம் அப்படித்தான் இருக்கும், ஏனென்றால் அதற்குள் ஏழெட்டுக் கிலோமீட்டராவது நடந்திருப்பீர்கள். மைதானத்தில் போடப்போகும் சாக்ஸையே போட்டுப் பாருங்கள்.

பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நடக்கும்போது குதிகால் தூக்கக் கூடாது. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டையும் பார்த்து விட்டுப் பணம் கட்டப் போய் விடுகிறார்கள். இன்னொன்றையும் பாருங்கள்: அங்கேயே மட்டை பிடிப்பது போல நின்று, வெறுங்கையால் ஒரு முறை முழுதாகச் சுழன்று பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். சுழன்று முடிக்கும்போது பாதம் ஷூவுக்குள் வெளிப்பக்கமாக நழுவினால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை. பிறகு ஷூவைக் கையில் எடுத்து, முனையையும் குதிகாலையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். நல்ல ஷூ லேசாகத்தான் முறுகும். மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நட்ட நடுவில் மடங்கினால் வேண்டாம்.

நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். செருப்பில் வளர்ந்த கால்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அகலம் பற்றவில்லை என்பதற்காக ஒரு அளவு பெரிதாக வாங்காதீர்கள், நீளம் கூடிப் பாதம் முன்னும் பின்னும் ஓடும். அதே அளவில் அகல ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணை மட்டும் சொல்லி ஆன்லைனில் வாங்குவதும் ஆபத்து. பிரிட்டிஷ் அளவு 8, அமெரிக்க அளவில் ஏறக்குறைய 9 ஆகிவிடும்.

மேற்புறம் தோலா, செயற்கையா, வலைத்துணியா? சமவெளி வெயிலில் ஆடுகிறவருக்கு ‘முழு வாட்டர்ப்ரூஃப்’ என்பது அநேகமாக வீண் செலவு. தண்ணீரை உள்ளே விடாத படலம் உள்ளே இருக்கும் வியர்வையையும் எளிதில் வெளியே விடாது. விடியற்காலைப் பனியைச் சமாளிக்க, லேசாகத் தண்ணீர் தாங்கும் செயற்கைத் தோல் போதும். மலையில் ஆடுகிறவர் கணக்கு வேறு. அவருக்கு வாட்டர்ப்ரூஃப் தேவைதான்.

மலிவாக வாங்கும் வழி, அதில் ஒரு பொறி

டெக்கத்லானின் இனிசிஸ் வரிசை இந்தியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் மலிவான தொடக்கம். புட்ஜாய், அடிடாஸ், பூமா, ஸ்கெச்சர்ஸ் போன்றவற்றில் போன வருட மாடல்களைத் தள்ளுபடியில் தேடலாம். கோல்ஃப் ஷூவில் ஒரு வருடத்தில் மாறுவது பெரும்பாலும் நிறமும் பெயரும்தான், கண்ணை மூடிக்கொண்டு பழைய மாடலை எடுக்கலாம்.

கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியது தயாரித்த தேதியை. பல ஷூக்களின் நடுப்பகுதி பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருளால் ஆனது. காற்றிலிருக்கும் ஈரம் அதை மெதுவாகச் சிதைக்கும். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் சில வருடங்களில் அது பொடிந்து போகும். ஷெல்ஃபில் புதிது போலவே இருந்த ஷூ, முதல் நாள் நடையிலேயே சோல் தனியே கழன்று வருவது நம் கடலோர ஊர்களில் பலருக்கும் தெரிந்த கதை. இந்தியாவில் விற்கும் ஷூப் பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி. மூன்று வருடத்துக்கு மேல் பழையது என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மட்டைகளைப் பழையதாக வாங்குங்கள், அது புத்திசாலித்தனம். ஷூவைப் பழையதாக வாங்காதீர்கள். இன்னொருவர் காலுக்குப் படிந்த சோல் உங்கள் காலைத் திருத்தப் பார்க்கும். வளரும் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் ஷூவே வேண்டாம்.

பராமரிப்பு சொற்பம். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். கார் டிக்கியில் மட்டும் போட்டு வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அந்தச் சூட்டுக்குப் பசை இளகி விடும்.

சரி, ஷூ முடிந்தது. இனிக் கொல்லைப்புறம்.

இடம் பார்ப்பது

மினி கோல்ஃபின் வேர் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸில் பெண்களுக்கான பட்டிங் கிளப், அதாவது பந்தை உருட்டி மட்டும் ஆடும் கிளப், 1867இல் தொடங்கியது. மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது பெண்களுக்கு அழகல்ல என்று கருதிய காலம் அது, அதனால் உருட்டும் ஆட்டம் மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. அந்த மேடு பள்ளப் புல்தரைக்கு ‘இமயமலை’ என்று பெயர். இன்றும் அங்கே ஆடுகிறார்கள். இரும்பும் வண்ணமுமாக நாம் படங்களில் பார்க்கிற மினி கோல்ஃப் 1920களின் அமெரிக்கச் சரக்கு. அப்போது அங்கே செயற்கைப் புல் கிடையாது. பருத்திக்கொட்டையின் உமியை நசுக்கி, எண்ணெயும் சாயமும் கலந்து, மணல் மேல் பரப்பி உருட்டினார்கள். நாம் மாட்டுக்குப் போடுவதை அவர்கள் தரைக்குப் போட்டார்கள்.

உலக மினி கோல்ஃப் போட்டிகளில் இரண்டு அளவுகள் பிரபலம். கான்கிரீட் தடம் 12 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். எட்டர்னிட் எனப்படும் சிமெண்ட் பலகைத் தடம் 6.25 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம். வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். 60 முதல் 75 சென்டிமீட்டர் அகலமும் மூன்று, நான்கு மீட்டர் நீளமும் இருந்தால் ஆட்டம் சுவைக்கும். ஆடுகிறவர் தடத்துக்கு வெளியே நின்று அடிப்பதால், தடங்களுக்கு நடுவே குறைந்தது 60 சென்டிமீட்டர் விட வேண்டும். இந்தக் கணக்கில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் இடத்தில் மூன்று தடங்கள் சௌகரியமாக வரும். முதல் தடவை மூன்றுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒரே தடத்தில் தொடங்கும் இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் மூன்று, ஆறாகி விடும்.

தென்னைக்கு நேர் கீழே தொடங்கும் இடமோ குழியோ வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை. முருங்கையும் நெல்லியும் இன்னொரு விதத்தில் எதிரி. அவற்றின் பொடி இலைகள் செயற்கைப் புல்லின் இழைக்குள் புகுந்து கொண்டால் பெருக்கினால் வராது, கையால்தான் பொறுக்க வேண்டும். துணி காயப்போடும் கொடிக்கும் தள்ளி இருக்கட்டும்.

இடம் முடிவானதும் கோலமாவை எடுத்துத் தடங்களைத் தரையில் வரைந்து விடுங்கள். அதன் பிறகும் மண்வெட்டியைத் தொட வேண்டாம். மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் சிமெண்ட் தரையிலோ, அதே வடிவத்தில் செங்கற்களை வெறுமனே அடுக்கி, சில நாள் ஆடிப் பாருங்கள். எந்த வளைவு சலிக்கிறது, எது மறுபடி மறுபடி ஆடத் தூண்டுகிறது என்று அப்போதே தெரிந்து விடும்.

தளம்: பணமும் நேரமும் இங்கே

வடிவத்துக்குள் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் மண்ணைத் தோண்டி எடுங்கள். வேர்களை வெட்டுங்கள். கோரைப்புல் இருந்தால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குகளைத் தேடித் தேடிப் பொறுக்க வேண்டும். அதன் முளை ஊசி மாதிரி, மேலே விரிக்கும் விரிப்பையும் புல்லையும் துளைத்துக்கொண்டு வரும். இந்த வேலையில் சோம்பல் பட்டவர்கள் அடுத்த மழையில் அனுபவிப்பார்கள்.

தோண்டிய தரையில் தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடியுங்கள். களை தடுக்கும் விரிப்பை விரியுங்கள். அதன் மேல் கிரஷர் தூளை, அதாவது கல் உடைக்கும் ஆலையில் கிடைக்கும் கல் தூளை, ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு அடுக்காக, ஒவ்வொன்றும் மூன்று சென்டிமீட்டர் கனத்தில் போட்டு, நனைத்து, இடிக்க வேண்டும். ஆற்று மணல் வேண்டாம். அதன் மணிகள் உருண்டை, எவ்வளவு இடித்தாலும் நகர்ந்து கொண்டே இருக்கும். கிரஷர் தூளின் மணிகள் கூர்மையானவை, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். மேல் அடுக்கில் பத்துக்கு ஒன்று சிமெண்ட் கலந்தால் இன்னும் உறுதி.

மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டமும், இரண்டு மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டமும் வேண்டும். சட்டத்தைத் தரையில் கிடத்தி, கீழே எங்காவது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தூவி இடியுங்கள். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர்தான். நம் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அதற்கு நன்றாகத் தெரியும்.

மழைத் தண்ணீர் ஓட, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கொடுங்கள். சரிவு எவ்வளவு வரை போகலாம்? சாதாரண வேகமுள்ள கிரீனில், மீட்டருக்கு ஏழு சென்டிமீட்டரைத் தாண்டினால் கீழ்நோக்கி உருளும் பந்து தானாக நிற்காது. ஆகவே குழியைச் சுற்றி மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் சரிவு வேண்டாம். இல்லையென்றால் தவறிய பந்து ஒவ்வொரு தடவையும் உங்கள் காலடிக்கே திரும்பி வரும். பிள்ளைகள் இரண்டு நிமிடம் சிரிப்பார்கள், மூன்றாவது நிமிடம் மட்டையைப் போட்டு விட்டுப் போய் விடுவார்கள்.

மண் தோண்ட முடியாத வாடகை வீடு என்றால் பலகைத் தடம் செய்யலாம். பிளைவுட் முதலில் நினைவுக்கு வரும். மழையில் உப்பி விடும், கரையானுக்கும் விருந்து. அறைத் தடுப்புக்கும் சீலிங்குக்கும் விற்கிற சிமெண்ட் போர்டைக் கேளுங்கள். ஐரோப்பாவின் எட்டர்னிட் தடங்களும் ஏறத்தாழ இதே பொருள்தான். எட்டடிக்கு நாலடி ஷீட்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, முனையோடு முனை வைத்தால், 60 சென்டிமீட்டர் அகலத்தில் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் தடம் ஒன்று கிடைத்து விடும். அடியில் இரும்புச் சட்டமோ வரிசையாகச் செங்கல்லோ நெருக்கமாகத் தாங்க வேண்டும். தொங்கினால் வெடிக்கும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

குழி

விதிப்படி கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், ஆழம் குறைந்தது நான்கு அங்குலம். இதற்கென்று விற்கும் கோப்பைகள் விலை அதிகம். நம் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் 110 மில்லிமீட்டர் பிவிசி பைப். அதன் உள்விட்டம் சுவரின் கனத்தைக் கழித்தால் 104, 105 வரும். விதியை விட இம்மியளவு சிறிது, பழகுவதற்கு அதுவே நல்லது. வேலை நடக்கும் வீட்டிலோ பிளம்பரிடமோ துண்டு பைப் கேட்டால் சும்மாவே கிடைக்கும். சின்னக் குழந்தைகள் ஆடும் தடத்துக்கு 160 மில்லிமீட்டர் பைப் போடுங்கள்.

பைப்பை 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேயுங்கள். அடியை மூடாதீர்கள். பைப்புக்குக் கீழே இன்னும் ஒரு சாண் ஆழம் தோண்டி முக்கால் அங்குல ஜல்லி நிரப்பி, அதன் மேல் பைப்பை நிறுத்துங்கள். மழைத் தண்ணீர் ஜல்லி வழியாக இறங்கி விடும். அடியை சிமெண்ட் பூசி மூடினால் குழியில் தண்ணீர் நிற்கும். டெங்குக் கொசுவுக்கு அதைவிட வசதியான தொட்டி கிடையாது. பைப்பின் விளிம்பு, விரிக்கப் போகும் புல்லின் மட்டத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். தடத்தின் ஓரத்திலிருந்து குழியின் நடுப்பகுதி 30 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

ஓரச்சுவர்

மினி கோல்ஃபின் சுவையே பந்து ஓரத்தில் மோதித் திரும்புவதுதான். ஓரம் நேராகவும் வழவழப்பாகவும் இருந்தால், பந்து வந்த கோணத்திலேயே ஏறக்குறைய மறுபக்கம் திரும்பும். வெறும் செங்கல் வரிசையில் பந்து எங்கே போகும் என்று செங்கல்லுக்கே தெரியாது. செங்கல்தான் கையில் இருக்கிறது என்றால் உள்பக்கம் பூசி வழுவழுப்பாக்குங்கள். நான் சிபாரிசு செய்வது கடப்பா கல் பட்டைகள். பதினைந்து சென்டிமீட்டர் அகலத்தில் அறுத்து வாங்கி, செங்குத்தாகப் பாதி புதைத்து நிறுத்தினால், ஏழெட்டு சென்டிமீட்டர் வெளியே தெரியும். கரையான் இல்லை, உளுத்தல் இல்லை. மேல் விளிம்பை மட்டும் மழுக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், பிள்ளைகளின் முழங்கால் பத்திரம்.

புல்

புல் கடைக்குப் போகும்போது பையில் ஒரு கோல்ஃப் பந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பால்கனி அலங்காரத்துக்கு விற்கும் 25, 35 மில்லிமீட்டர் உயரப் புல்லை முதலில் காட்டுவார்கள். பார்க்கப் பசுமை, ஆனால் பந்து அதில் புதைந்து தள்ளாடும். 10 முதல் 15 மில்லிமீட்டர் உயரமும் இழை நெருக்கமும் உள்ளதைக் கேளுங்கள். சாம்பிள் துண்டைக் கவுண்டரில் விரித்துப் பந்தை உருட்டிப் பாருங்கள். நேராக ஓடி, ஆடாமல் நிற்க வேண்டும்.

இரண்டு மீட்டர் அகல ரோல் கிடைத்தால் நீளவாக்கில் மூன்றாகப் பிளந்து மூன்று தடங்களுக்கு ஆக்கலாம். ஒட்டு போட வேண்டி வந்தால் தடத்தின் குறுக்கே போடுங்கள். நீளவாக்கில் ஒட்டினால் பந்து அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஒட்டுவதற்கு முன் ரோலை வெயிலில் இரண்டு மணி நேரம் விரித்து வைத்தால் சுருக்கம் போய் விடும். இழைகள் எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் சாய்ந்திருக்கட்டும். சாய்ந்த திசையில் பந்து வேகமாகவும் எதிர்த்திசையில் மெதுவாகவும் போகும். ரப்பர் பசையால் ஓரங்களை ஒட்டி, குழியின் மேல் கூரான கத்தியால் வட்டமாக வெட்டுங்கள். வெட்டாமல் உள்ளே மடித்து விட்டால் விளிம்பில் மேடு தட்டும், பந்து அதைச் சுற்றிக்கொண்டு போய் விடும். கடைசியில் மெல்லிய சிலிக்கா மணலைத் தூவித் தென்னந்துடைப்பத்தால் பெருக்கி இழைகளுக்குள் இறக்குங்கள்.

வேகத்தை அளக்க விருப்பமா? ஸ்டிம்ப்மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. 1935இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் கண்டுபிடித்தது. ஏறக்குறைய 20 டிகிரி சரிவில் பந்தை விட்டு, தரையில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வீட்டில் மின்கம்பி போட வாங்கும் பிளாஸ்டிக் கேசிங் பட்டை போதும். கீழ் முனையிலிருந்து 76 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தை 26 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கிப் பந்தை விடுங்கள். இரு திசையிலும் விட்டுச் சராசரி எடுங்கள். இரண்டரை மீட்டர் பக்கம் வந்தால் ஒரு சாதாரண கிளப் கிரீனை ஒத்த வேகம் என்று ஓரளவு சொல்லலாம். மெதுவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் மணல் தூவுங்கள்.

தடைகள்

மினி கோல்ஃப் படங்களில் தடத்தின் குறுக்கே சுழலும் பொம்மைக் காற்றாலையை முதல் வருடம் மறந்து விடுங்கள். சுழலும் எதுவும் துருப்பிடிக்கும், விரலையும் கடிக்கும். முதல் தடம் நேராக இருக்கட்டும். இரண்டாவதை ‘எல்’ வடிவில் வளைத்து, மூலையில் ஒரு பட்டையைக் குறுக்காக வையுங்கள். மோதித் திருப்பினால் ஒரே அடியில் குழி, நேராகப் போனால் இரண்டு அடி. இந்த மோதல் அடிக்கு ஒரு சூத்திரம் உண்டு: சுவரை ஒரு கண்ணாடி என்று நினைத்து, அதற்குள் தெரியும் குழியைக் குறிவையுங்கள்.

மூன்றாவதற்கு வீட்டில் சும்மா கிடக்கும் ஆட்டுக்கல்லைத் தடத்தின் நடுவே உருட்டி வைக்கலாம். அதன் உருண்டையான பக்கத்தில் பட்ட பந்து எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, சிறுவர்களுக்குக் கொண்டாட்டம். மீந்த 110 பைப்பில் அரை மீட்டரைச் சுரங்கமாகப் புதைத்தால் இன்னொரு வேடிக்கை. பைப்பின் நுழைவாய் புல்லோடு சமமாக இருக்க வேண்டும், அரை சென்டிமீட்டர் தூக்கினாலும் பந்து முட்டி நின்று விடும்.

ஆட்டம், மட்டை

உருட்டும் மட்டை ஒன்றே போதும், எல்லோரும் மாற்றி மாற்றி அடிக்கலாம். பழைய மட்டையைக் குழந்தைகளுக்குக் குறைப்பதானால் பிடிப் பக்கம் அறுத்துப் பிடியை மறுபடி மாட்டுங்கள். மட்டையின் தலை முழங்காலுக்கு மேல் எழக் கூடாது என்பதை வீட்டுச் சட்டமாக்குங்கள். பக்கத்தில் நிற்கும் தம்பியின் பல்லைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

ஒரு குழிக்கு ஆறு அடிதான். ஆறிலும் விழாவிட்டால் ஏழு என்று எழுதிவிட்டு நகர வேண்டும். சர்வதேச மினி கோல்ஃபிலும் இதுவே விதி. பந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு மட்டையை நுழைக்க முடியாவிட்டால் ஒரு சாண் உள்ளே நகர்த்திக்கொள்ளலாம். வெளியே தாவினால், வெளியேறிய இடத்தில் வைத்து ஒரு அடி கூட்டிக்கொள்ளுங்கள்.

காலில் என்ன? ரப்பர் செருப்பு போதும். வெறுங்காலும் சரிதான், ஆனால் காலை பத்து மணிக்கு முன்பும் மாலை ஐந்துக்குப் பின்பும் மட்டும். கோடையில் உச்சி வெயிலுக்குச் செயற்கைப் புல் மாடித்தரையைப் போலக் கொதிக்கும். ஆடுவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் தெளித்தால் சிறிது நேரம் தாங்கும்.

மழைக்கு முன்னும் பின்னும்

ஐப்பசி அடைமழைக்கு முன் குழிகளின் ஜல்லியைக் கிளறிச் சேறு இருந்தால் கழுவிப் போடுங்கள். ஆடாத நாளில் குழிகளை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மூடி வையுங்கள், தவளையும் எலியும் குடி வராது. சுரங்கப் பைப் இருந்தால் அதன் இரண்டு வாயையும் அடைத்து விடுங்கள். திறக்கும்போது கையை உள்ளே விடாமல் குச்சியால் தட்டிப் பார்ப்பது நல்லது, பாம்புக்கு அந்த அளவு பிடிக்கும்.

தை பிறந்ததும் அலுமினியச் சட்டத்தை எடுத்து ஒவ்வொரு தடத்திலும் மறுபடி கிடத்திப் பாருங்கள். தளம் எங்காவது உள்வாங்கியிருக்கும், பெரும்பாலும் குழியைச் சுற்றியும் ஓரச்சுவரை ஒட்டியும். அந்தப் பக்கப் புல்லை மட்டும் பசையிலிருந்து மெல்ல உரித்துத் தூக்கி, கிரஷர் தூளைத் தூவி, நனைத்து, இடித்து, ஒரு நாள் காய விட்டு மறுபடி ஒட்டி விடுங்கள். ஒரு சட்டி தூள் போதும்.